வெண்கண்டல் இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள்: எக்ஸ்ஆர்டி-யில் 27.8, 32.2, 46.2 பீக் எங்கிருந்து? கருவிகளுக்கு எங்கே போவது?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூர் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரி, வேதியியல் துறை. துறையில் உள்ளவை இவ்வளவுதான்: இரட்டைக் கற்றை யூவி-விஸ் (எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு மறைக்கிறது என்று அளப்பது), பிஎச் மீட்டர், நான்கு இலக்கத் தராசு, 10,000 ஆர்பிஎம் மேசை சென்ட்ரிஃப்யூஜ், ஹாட் பிளேட். மற்ற எல்லாவற்றுக்கும் வெளியே போக வேண்டும்.

செய்முறை: பிச்சாவரத்து வெண்கண்டல், அதாவது அவிசீனியா மரினா, பச்சை இலை 10 கிராம். நன்றாக அலசி நறுக்கி, காய்ச்சி வடித்த நீர் 100 எம்எல்-ல் 60 டிகிரியில் 20 நிமிடம். வாட்மன் 1 தாளில் வடிகட்டியபின் 5 எம்எல் சாற்றை 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் கரைசல் 45 எம்எல்-ல் ஊற்றினேன். அறை வெப்பம், பிஎச் சரிசெய்யவில்லை.

கிடைத்தவை: ஊற்றிய சில நொடிகளில் பால் போல மங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் பழுப்பு. யூவி-விஸ்-ல் 432 நானோமீட்டரில் அகலமான பீக். 700 வரை பேஸ்லைன் இறங்கவே இல்லை. எக்ஸ்ஆர்டி-யில், அதாவது படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் அளவீட்டில், உலோக வெள்ளிக்குரிய 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரி பீக்குகள் இருக்கின்றன. கூடவே 27.8, 32.2, 46.2. இதில் 32.2-தான் எல்லாவற்றிலும் உயரம். படித்த கட்டுரைகள் பலவற்றில் இந்த மூன்றின் மேல் நட்சத்திரம் போட்டு "இலையின் உயிர்க்கரிமப் பொருள் படிகமானது" என்று எழுதியிருக்கிறார்கள். 38.1 பீக்கின் பாதி உயர அகலம் 0.5 டிகிரி, பீக் அகலத்திலிருந்து படிக அளவைச் சொல்லும் ஷெர்ரர் சமன்பாட்டில் 16.8 நானோமீட்டர் வருகிறது.

கேள்விகள்: அந்த மூன்று பீக் என்ன? டெம்-க்கு (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) ஒரே ஒரு முறை அனுப்பத்தான் பணம் உண்டு, அதற்குமுன் என்ன செய்து முடிக்க வேண்டும்? முனைவர் பட்டம் முடித்து ஓராண்டு ஆன ஒருவர் இந்தப் பகுதியில் பொது ஆய்வகங்களை எந்த வழியில் அணுகலாம்?


மைக்ரோமோல் எழுதியது:

அந்த மூன்றும் வெள்ளி குளோரைடு. 27.8 அதன் 111 தளம், 32.2 என்பது 200, 46.2 என்பது 220. 54.8-லும் 57.5-லும் சின்னதாக இரண்டு இருக்கும், ஸ்கேனை மறுபடி பாருங்கள். வெள்ளி குளோரைடின் வலுவான பீக் 32.2 பக்கம் வருவதுதான். உங்கள் ஸ்கேனிலும் அதுதான் உயரம் என்பதால், பொடியில் குளோரைடு கணிசமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நட்சத்திரம் போட்டு "உயிர்க்கரிமப் பொருள்" என்று எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து தொடராதீர்கள். இலையின் டானினும் புரதமும் இந்தக் கோணங்களில் இவ்வளவு கூரான பீக் தராது.

காரணம் இலையிலேயே இருக்கிறது. வெண்கண்டல் உப்பை இலைச் சுரப்பி வழியாக வெளியே தள்ளும் மரம். வெயில் நேரத்தில் இலைமேல் உப்புப் படிகம் கண்ணுக்கே தெரியும். அலசினால் மேலே உள்ளது போகும். இலைத் திசுவுக்குள் இருப்பது 60 டிகிரி நீரில் அப்படியே சாற்றில் இறங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லிமோலார் 45 எம்எல் என்றால் வெள்ளி 0.045 மில்லிமோல். சாற்றில் குளோரைடு 10 மில்லிமோலார் இருந்தாலே 5 எம்எல்-ல் 0.05 மில்லிமோல் வந்துவிட்டது. ஊற்றிய வெள்ளி முழுவதையும் பிடித்துக்கொள்ள அது போதும். உவர்நிலத் தாவரத்துக்கு 10 மில்லிமோலார் பெரிய அளவே இல்லை. நீங்கள் சொன்ன பால் போன்ற மங்கல் அதுதான். ஒடுக்கம் நடந்து துகள் வளர நிமிடங்களோ மணிகளோ ஆகும். சில நொடியில் வருவது வீழ்படிவு. பிறகு வந்த பழுப்பு, பெரும்பாலும் அந்தக் குளோரைடின் மேலேயே இலையின் பாலிஃபீனால்களும் வெளிச்சமும் சேர்ந்து உண்டாக்கிய வெள்ளி. பேஸ்லைன் 700 வரை இறங்காததும் பெரிய குளோரைடு துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான்.

உறுதி செய்ய மூன்று சோதனை. எல்லாம் உங்கள் மேசையிலேயே முடியும்.

ஒன்று, இருட்டில் கலந்து, ஒரு நிமிடத்தில் 2 எம்எல் எடுத்து, வீழ்படிவைச் சென்ட்ரிஃப்யூஜ் செய்து, நீர்த்த அம்மோனியா ஊற்றுங்கள். தெளிந்தால் குளோரைடு. டானின் வீழ்படிவாக இருந்தால் இப்படித் தெளியாது.

இரண்டு, அதே சாறு, அதே விகிதம், வெள்ளி நைட்ரேட்டுக்குப் பதில் சோடியம் நைட்ரேட். மங்கவில்லை என்றால் உப்புச் செறிவால் சாறு திரியவில்லை, வெள்ளியால்தான் மங்குகிறது என்று தெரியும்.

மூன்று, உலர்ந்த இலை 1 கிராமோடு கொஞ்சம் சோடியம் கார்பனேட் சேர்த்து 500 டிகிரியில் சாம்பலாக்கி, வெந்நீரில் கரைத்து வடித்து, பிஎச் 7-க்கும் 9-க்கும் நடுவே கொண்டுவந்து மோர் (Mohr) முறையில், அதாவது குரோமேட்டை நிறங்காட்டியாக வைத்து வெள்ளி நைட்ரேட்டால், டைட்ரேட் செய்யுங்கள். பச்சைச் சாற்றை நேரடியாக மோர் முறையில் செய்தால் சாற்றின் நிறத்தில் முடிவுப்புள்ளி தெரியாது, பாலிஃபீனாலும் வெள்ளியைத் தின்னும். அதனால்தான் சாம்பல். சோடியம் கார்பனேட் சேர்க்காமல் எரித்தால் குளோரைடில் ஒரு பங்கு புகையோடு போய்விடும். குரோமேட் கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள், தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

ஷெர்ரர் பற்றி: 0.5 டிகிரி நீங்கள் அளந்த அகலம். கருவியே கொடுக்கும் அகலத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். கருவி அகலம் 0.1 என்று வைத்தால், பீக்கைக் காஸ் வளைவு வடிவமாக எடுத்தால் 17.2, லொரன்ட்ஸ் வளைவு வடிவமாக எடுத்தால் 21 நானோமீட்டர் வரும். எந்த வடிவம் எடுத்தீர்கள் என்று எழுதாமல் 16.8 என்று தசமப் புள்ளி போடுவதில் பொருளில்லை. அது படிகத் துண்டின் அளவு, துகளின் அளவு அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 46.2 குளோரைடுக்கும் 44.3 வெள்ளிக்கும் இடைவெளி குறைவு, பொருத்தும்போது இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

இனி எந்தப் பக்கம் போவது என்பது உங்கள் முடிவு. தூய வெள்ளி வேண்டும் என்றால் இலையை மாற்றுங்கள். நொச்சி, வேம்பு, துளசி என்று நல்ல தண்ணீரில் வளர்ந்த எதுவும். வெண்கண்டல்தான் வேண்டும் என்றால் தங்கத்துக்குப் போகலாம். குளோரோஆரிக் அமிலத்திலேயே குளோரைடு உண்டு, வீழ்படிவுச் சிக்கல் இல்லை. 0.25 மில்லிமோலார் 100 எம்எல்-க்கு டிரைஹைட்ரேட் சுமார் 9.8 மில்லிகிராம்தான் ஆகும். ஆனால் சாற்றின் உப்பு அதிகமானால் தங்கத் துகள்கள் ஒட்டிக்கொண்டு சிவப்பு ஊதாவாகும், 520 பக்கம் இருக்கும் பீக் அகன்று வலப்புறம் நகரும். சாற்றின் அளவை 0.5 எம்எல்-லிருந்து படிப்படியாக ஏற்றிப் பாருங்கள்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. வந்ததை வந்தபடி வெள்ளி-வெள்ளி குளோரைடு கலவைத் துகள் என்றே எழுதுங்கள். அது கட்புலன் ஒளியில் வேலை செய்யும் ஒளிவினையூக்கி என்று நன்றாக அறியப்பட்ட பொருள். உவர்நில இலையின் குளோரைடு அளவை மாற்றினால் கலவையின் விகிதம் எப்படி மாறுகிறது என்பது உண்மையான கேள்வி. அதற்கு உங்கள் மேசையும் நாலைந்து எக்ஸ்ஆர்டி ஸ்கேனும் போதும்.


ஊசுட்டேரி எழுதியது:

மைக்ரோமோல் சொன்னது சரி. இலைமேல் மட்டும் பழி போடுவதற்குமுன் தண்ணீரையும் பாருங்கள்.

வெள்ளி குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹⁰. வெள்ளி 1 மில்லிமோலார் இருக்கும்போது குளோரைடு லிட்டருக்கு சுமார் 6 மைக்ரோகிராம் தாண்டினாலே கொள்கையளவில் வீழ்படிவாகும். கண்ணுக்கு மங்கலாகத் தெரிய இதைவிட நிறைய வேண்டும்தான். ஆனால் குடிநீருக்கே லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு ஏற்கத்தக்கது என்று இந்தியத் தரம் சொல்கிறது. கடலூர், புதுச்சேரிக் கடலோர போர் தண்ணீரில் உப்பு இறங்கிய இடங்களில் அதையும் தாண்டும். பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் கடைசியாக அலசி அப்படியே கவிழ்த்து வைத்தால், சுவரில் காயும் ஒரு துளியே போதும்.

காய்ச்சி வடித்த நீர் 10 எம்எல்-ல் 0.1 மோலார் வெள்ளி நைட்ரேட் ஐந்து துளி, நீர்த்த நைட்ரிக் அமிலம் இரண்டு துளி. கறுப்புத் தாளை முன்னே பிடித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். லேசாகப் புகை போல் தெரிந்தால் அந்த நீரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். மெட்டல் ஸ்டில்லில் வடித்த நீரைவிட கண்ணாடி ஸ்டில்லில் இரண்டு முறை வடித்தது நல்லது. 18.2 மெகா ஓம் நீர் (மின்தடையை வைத்துத் தூய்மை சொல்லப்படும் மிகத் தூய நீர்) கிடைத்தால் இன்னும் நல்லது; அது காற்றில் கரியமில வாயு இழுத்து 1 மெகா ஓம் பக்கம் இறங்கினால் கவலைப்படாதீர்கள், அதனால் குளோரைடு வராது.

கண்ணாடியை ராஜதிராவகத்தில் கழுவுகிறவர்களுக்கு: ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு, ஃப்யூம் ஹூட்டுக்குள், மூடாத பாத்திரத்தில். தங்க வேலைக்கு அது சரி. வெள்ளி வேலைக்கு அதில் குளோரைடு ஒட்டி நிற்கும் ஆபத்து உண்டு. அங்கே நைட்ரிக் அமிலம் மட்டும் போதும்.

இன்னொன்று. பிச்சாவரம் காப்புக்காடு. இலை பறிக்க வனத்துறை அனுமதிக் கடிதம் எடுத்து, அதன் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். தாவரத்தை அடையாளம் காட்டிய ஹெர்பேரியம் (உலர் தாவரத் தொகுப்பு) எண்ணும் வேண்டும். இங்கே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலேயே ஹெர்பேரியம் இருக்கிறது. வெண்கண்டலையும் கருங்கண்டலையும் மாற்றி எழுதிய கட்டுரையைத் திருத்துவது பிறகு பெரும்பாடு.


டெம்_அறை எழுதியது:

டெம்-க்கு ஒரே சான்ஸ்னு சொன்னதால இதை விவரமா எழுதறேன். மாதிரி கெட்டுப்போறது மைக்ரோஸ்கோப்புல இல்லைங்க, வந்து சேர்றதுக்கு முன்னாடியே கெட்டுடும்.

முதல்ல அளவு. உங்க ஒரு பேட்ச்சுல இருக்கற மொத்த வெள்ளி 4.9 மில்லிகிராம். நூறு சதவீதம் கிடைச்சாலும் அவ்வளவுதான். அதை வெச்சு எக்ஸ்ஆர்டி, எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை), எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலை), டெம் எல்லாம் கேட்டா முடியாது. சாதாரண எக்ஸ்ஆர்டி ஹோல்டர் நிரம்ப நூத்துக்கணக்குல மில்லிகிராம் வேணும். ஜீரோ பேக்கிரவுண்ட் சிலிக்கான் ஹோல்டர் இருக்கான்னு கேளுங்க, 10–15 மில்லிகிராம் போதும். கண்ணாடித் தகட்டுல காயவெச்சா 20-க்கும் 30-க்கும் நடுவுல ஒரு மேடு வரும், உங்க 27.8 அதுல பாதி மறைஞ்சுடும். வெள்ளி நைட்ரேட் கரைசல் 450 எம்எல் எடுத்துத் தயாரிங்க, 48 மில்லிகிராம் கிட்ட வெள்ளி இருக்கும். பத்து சின்ன பேட்ச்சைச் சேர்க்கறதுன்னா ஒவ்வொண்ணுக்கும் யூவி-விஸ் எடுத்து பீக் 5 நானோமீட்டருக்குள்ள ஒத்துப்போறதை மட்டும் சேருங்க.

சென்ட்ரிஃப்யூஜ். ஆர்பிஎம் எழுதாதீங்க, ஜி மதிப்பு (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசைன்னு) எழுதுங்க. 1.118 × 10⁻⁵ × ஆரம் சென்டிமீட்டர்ல × ஆர்பிஎம் வர்க்கம். 8 சென்டிமீட்டர் ரோட்டர், 10,000 ஆர்பிஎம்-னா சுமார் 8,900 ஜி. 20 நானோமீட்டர் வெள்ளிக்கு 15 நிமிஷம் பத்தாது, 45 நிமிஷமாவது ஓட்டணும். மேல் தெளிவுக்கு யூவி-விஸ் எடுங்க. அங்க இன்னும் 410 பக்கம் பீக் இருந்தா சின்னத் துகளை எல்லாம் கொட்டிட்டீங்கன்னு அர்த்தம், டெம் ஹிஸ்டோகிராம் பெருசு பக்கம் சாய்ஞ்சு வரும். மூணு தடவை கழுவுங்க. கழுவாத சாறு பீம் பட்டதும் கருகி, துகளைச் சுத்தி மேகம் மாதிரி படியும். அதைப் பார்த்துதான் "கேப்பிங் லேயர்" (துகளைப் போர்த்தற படலம்)னு அம்புக்குறி போட்டுடறாங்க.

கிரிட், அதாவது மாதிரித் துளியை விடற சின்ன உலோக வலை. கார்பன் பூசின தாமிர கிரிட்தான் எல்லாரும் தர்றது. உங்க கரைசல்ல ஒடுங்காத வெள்ளி அயனி மிச்சம் இருந்தா தாமிரம் அதை ஒடுக்கிடும். கிரிட் கம்பி ஓரமா புதுசா வெள்ளி முளைக்கும், அதையும் சேர்த்து எண்ணிடுவீங்க. நல்லா கழுவுங்க, இல்ல நிக்கல் கிரிட் கேளுங்க. 5 மைக்ரோலிட்டர் விட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு ஃபில்டர் தாள் முனையால உறிஞ்சி எடுங்க. முழுத் துளியையும் காயவிட்டா ஓரத்துல வளையமா குவியும், அது கரைசல்லயே ஒட்டியிருந்ததா காயும்போது ஒட்டுச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. டெசிகேட்டர்ல ஒரு ராத்திரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்துல சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கான்னு பாருங்க.

உங்க மாதிரிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: வெள்ளி குளோரைடு எலக்ட்ரான் பீம்ல உடைஞ்சு வெள்ளியாகும். படம் எடுக்கும்போதே கண்ணு முன்னாடி புதுத் துகள் வரும். "பீமுக்கு நிக்காத பொருள் இருக்கு, முதல் படம் குறைஞ்ச டோஸ்ல வேணும், அதே இடத்துல ஒரு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு வேணும்"னு படிவத்துல எழுதுங்க. ரெண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசமே குளோரைடுக்குத் துணைச் சான்று. அழகான இடமா பார்த்து ஒரே படம் கேக்காதீங்க. கிரிட்ல தள்ளித் தள்ளி நாலு சதுரம், மூணு உருப்பெருக்கம், ஒரு எஸ்ஏஇடி (படிக அமைப்பைக் காட்டற எலக்ட்ரான் விளிம்பு விளைவுப் படம்), மூலக் கோப்பு அப்படியே. 200 துகளாவது எண்ணினாத்தான் சராசரி நிக்கும். எந்தத் தனிமம் இருக்குன்னு காட்டற இடிஎக்ஸ்-ல தாமிரம் தெரிஞ்சா அது கிரிட்டோடது, மாதிரியில தேடாதீங்க. குளோரின் தெரியுதான்னு பாருங்க.

செம் (மேற்பரப்பைப் பார்க்கற எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) போறதா இருந்தா, டங்ஸ்டன் ஃபிலமென்ட் கருவியில 20 நானோமீட்டர் பார்க்கறது வீண். எஃப்இ-செம் (ஃபீல்ட் எமிஷன் செம்) கேளுங்க. அதுலயும் வழக்கம் போல 10 நானோமீட்டர் தங்கம் பூசினா நீங்க பார்க்கறது தங்கப் பூச்சைத்தான். சிலிக்கான் துண்டுல துளி வெச்சா உங்க பொருளுக்குப் பூச்சே தேவைப்படாம போகலாம்.

டிஎல்எஸ்-ல (ஒளிச் சிதறலை வெச்சு கரைசல்ல துகள் அளவு பார்க்கறது) சிதறல் விட்டத்தோட ஆறாவது அடுக்குல ஏறும். ரெண்டு தூசி இருந்தா 20 நானோமீட்டர் துகள் காணாமப் போயிடும். அளவு டெம்-ஐ விட அதிகமா வர்றது சகஜம், அஞ்சு மடங்கு வந்தா ஒட்டியிருக்கு. ஜீட்டா (துகளோட மேற்பரப்பு மின்னூட்டத்தைச் சொல்ற அளவு) எடுக்கறப்ப 1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடுல கரைக்கச் சொல்லுவாங்க. வெள்ளிக்கு அது வேண்டாம், பொட்டாசியம் நைட்ரேட் எடுத்துட்டுப் போங்க. பிஎச் எழுதாத ஜீட்டா மதிப்பால யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

எஃப்டிஐஆர் எடுத்தா 3400, 1630 பக்கம் வர்ற பீக்குல ஈரமும் சேர்ந்திருக்கும். நம்ம கடற்கரைக் காத்துல, மாதிரியைக் கலக்கற கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) ஒரு மணி நேரத்துல நனைஞ்சுடும். 110 டிகிரியில உலர்த்தி, சூடாவே அரைங்க, 200 மில்லிகிராம் கேபிஆர்-க்கு 1–2 மில்லிகிராம். வெறும் கேபிஆர், வெறும் சாறு, துகள் மூணையும் ஒரே நாள்ல எடுங்க.


கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 54.8, 57.5 இரண்டும் இருக்கின்றன. அம்மோனியா சோதனையில் மங்கல் தெளிந்துவிட்டது. ஒரு பகுதியை அம்மோனியாவில் கழுவி, தூய வெள்ளியையும் கலவையையும் ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். 25 சதவீத அம்மோனியாவை எவ்வளவு நீர்க்க வைக்க வேண்டும்? கழுவிய நீரை ஒரு பாட்டிலில் சேர்த்துவைத்து மாதக் கடைசியில் வெள்ளியை மீட்கலாமா?


மைக்ரோமோல் எழுதியது:

சேர்த்துவைக்கவே கூடாது. முதலில் இதைப் படித்துவிட்டுப் பிறகு மற்றதைப் படியுங்கள். அம்மோனியாவில் கரைந்த வெள்ளி நின்றால் வெள்ளி நைட்ரைடு படியும். அது உலர்ந்தால் மட்டுமல்ல, ஈரமாக இருக்கும்போதே அசைத்தாலும் வெடிக்கக்கூடியது. ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள். அம்மோனியாவும் வெள்ளியும் சேர்ந்த டாலன்ஸ் கரைசலை அன்றன்றே அழிக்கச் சொல்வதும் இதனால்தான்.

அளவு: 25 சதவீதம் 7.5 எம்எல்-ஐ 100 எம்எல் ஆக்கினால் ஏறக்குறைய 1 மோலார். உங்கள் ஒரு பேட்ச்சுக்கு அதில் 10 எம்எல் தாராளம். ஹூட்டுக்குள் ஐந்து நிமிடம் குலுக்கி உடனே சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். நேரத்தை நீட்டினால் அம்மோனியாவும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து உலோக வெள்ளியையே கரைக்கத் தொடங்கும், சின்னத் துகள்தான் முதலில் போகும். கழுவுமுன்னும் பின்னும் யூவி-விஸ் எடுத்து அந்த இழப்பைக் கணக்கில் சேருங்கள்.

வடித்த நீரை அந்த நிமிடமே நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு லிட்மஸ் சிவக்கும்வரை அமிலமாக்குங்கள். குளோரைடு திரும்ப வெண்ணிறமாகப் படியும். அதைப் பழுப்புப் பாட்டிலில் வெள்ளிக் கழிவு என்று எழுதிச் சேர்க்கலாம். அமிலமான பிறகு ஆபத்தில்லை. மாணவர்கள் செய்வதாக இருந்தால் இந்த வரியை அச்சடித்து ஹூட் கண்ணாடியில் ஒட்டுங்கள்.


புதுவை_ஃபெல்லோ எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

பக்கத்தில் உள்ள பொதுக் கருவிக்கூடங்கள் இரண்டு: காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சிஐஎஃப், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சிஐஎஸ்எல். கடலூரிலிருந்து இரண்டுக்குமே காலையில் போய் மாலையில் திரும்பலாம். எக்ஸ்ஆர்டி, எஃப்டிஐஆர் போன்ற அன்றாட அளவீட்டுக்கு இங்கேயே போங்கள். பட்டியலில் ஒரு கருவி இருக்கிறது என்பதற்காக மாதிரியை அனுப்பாதீர்கள். இந்த வாரம் ஓடுகிறதா, ஆபரேட்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். வெளியார் கட்டணம் உள்ளே இருப்பவர்களைவிட அதிகம், கல்வி நிறுவனத்துக்கும் தொழிற்சாலைக்கும் வேறு வேறு, ஜிஎஸ்டி தனி. கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட கடிதம் இருந்தால்தான் கல்வி நிறுவனக் கட்டணம் கிடைக்கும். பெரிய கருவிகளுக்கு ஐஐடி மெட்ராஸின் சைஃப் கருவிக்கூடம், மின்வேதியியல் சேர்ந்தால் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்).

நாடு முழுவதும் எந்தக் கருவி எங்கே என்று தேட ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் பெயரில் பதிந்து அதன் வழியாகவே நேரம் கேட்கலாம்.

பலர் கவனிக்காத வாசல் கல்பாக்கத்தை ஒட்டிய கோகிலமேட்டில் இருக்கிறது. யுஜிசி-டிஏஇ சிஎஸ்ஆர் அமைப்பின் கல்பாக்கம் மையம். அணுசக்தித் துறையின் வசதிகளைப் பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவதற்கென்றே உண்டான அமைப்பு அது. கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கும் இடம் இல்லை. முன்மொழிவு எழுதிக் கொடுக்க வேண்டும், அங்குள்ள விஞ்ஞானி ஒருவரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கூட்டு ஆய்வுத் திட்டம் கிடைத்தால் ப்ராஜெக்ட் ஃபெல்லோ வைக்கவும் வழி உண்டு. தொடக்க நிலையில் இருப்பவருக்கு, மாதிரியை அனுப்பிப் படத்தை வாங்குவதைவிட இது பல மடங்கு மேல். அளப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொள்வீர்கள்.

முன்மொழிவு எழுதும்போது "நானோ துகளின் பண்புகளை ஆராய" என்று எழுதினால் திரும்பி வரும். உங்களிடம் இப்போது கூரான கேள்வி இருக்கிறது, அதையே எழுதுங்கள்: இலைச்சாற்றின் குளோரைடு 2, 5, 10, 20 மில்லிமோலார் ஆகும்போது வெள்ளிக்கும் வெள்ளி குளோரைடுக்கும் உள்ள விகிதம் எப்படி மாறுகிறது, வெள்ளி குளோரைடின் மேல் வளர்கிறதா தனியாக வளர்கிறதா. மேசையில் எடுத்த யூவி-விஸ், மோர் டைட்ரேஷன், ஒரு எக்ஸ்ஆர்டி மூன்றையும் ஒரே பக்கத்தில் இணையுங்கள். எந்தக் கருவி, எத்தனை மாதிரி, எத்தனை மணி நேரம், என்ன முடிவு வந்தால் உங்கள் கருத்து தவறாகும் என்று நாலு வரி. எக்ஸ்பிஎஸ் கேட்பதாக இருந்தால் வெள்ளியின் 3டி பீக்கை மட்டும் நம்பிக் கேட்காதீர்கள். உலோகத்துக்கும் குளோரைடுக்கும் அங்கே இடைவெளி மிகச் சிறிது. 198 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் குளோரின் 2பி, கூடவே வெள்ளியின் ஓஜே (Auger) பீக் இரண்டையும் கேளுங்கள்.

சென்சார், மெல்லிய படலம், சிப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் ஐஎன்யூபி-ஐ2ஐ திட்டம். பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட மையங்களின் தூய அறைகளில் வெளி ஆய்வாளர்களுக்குப் பயிற்சியும் நேரமும் கொடுக்கிறார்கள். கரைசலில் துகள் செய்து நிறுத்துகிறவர்களுக்கு அது பொருந்தாது.

நிதி. மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப்-இன் இளம் ஆய்வாளர் திட்டம் 3 ஆண்டு, 60 லட்சம் வரை, ஆனால் நிரந்தரப் பணி வேண்டும். உங்கள் நியமன ஆணையில் என்ன சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தற்காலிகம், தொகுப்பூதியம் என்றிருந்தால் அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். தேசிய முதுமுனைவர் ஊக்கத்தொகை 2 ஆண்டு, பொது வயது வரம்பு 35. இன்ஸ்பயர் ஃபேகல்டி 5 ஆண்டு, வரம்பு 32. இரண்டிலும் வயதுத் தளர்வு உண்டு, அறிவிப்பைப் படியுங்கள். பெண்களுக்கு வைஸ் முதுமுனைவர் திட்டம், 27 முதல் 60 வயது வரை. குடும்பத்துக்காக ஆய்வை விட்டு வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது.

கல்லூரி கடலூர் மாவட்டத்தில் என்றால் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட நிதிக்கு உங்கள் இறுதியாண்டு மாணவர்களை விண்ணப்பிக்க வையுங்கள். தொகை சிறியது, ஆனால் நாலைந்து எக்ஸ்ஆர்டி-க்கு ஆகும். கன்னியக்கோயில் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் இருக்கும் கல்லூரிக்கு அது கிடையாது, அங்கே புதுச்சேரி மன்றம் தனி.

கருவி மையங்களிலேயே டெக்னிக்கல் ஆஃபிசர், ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட் பணிகள் வருகின்றன. நேர்காணலில் கட்டுரை எண்ணிக்கையைவிட, பேஸ்லைன் ஏன் சாய்ந்தது, கருவி அகலத்தை எதை வைத்து அளந்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். மையங்கள் நடத்தும் பயிற்சி நாட்களுக்கு உங்கள் சொந்த மாதிரியோடு போங்கள்.


ஊசுட்டேரி எழுதியது:

பாக்டீரியா சோதனைக்குப் போவதற்குமுன் ஒன்று. அகார் தட்டில் வட்டத் தாள் வைத்து, அதைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையத்தை அளக்கும் முறையில் துகள் அகாரில் நகராது. வளையம் காட்டுவது கரைந்த வெள்ளி அயனியை. நீர்த்தல் வரிசையில் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) எடுங்கள். நான்கு கட்டுப்பாடு வேண்டும்: சாறு மட்டும், அதே வெள்ளி அளவுள்ள வெள்ளி நைட்ரேட், கழுவிய கடைசி மேல் தெளிவு, அம்மோனியாவில் கழுவிய துகள். துகளே ஒளியை மறைப்பதால் 600 நானோமீட்டர் மங்கலை நம்பாமல் தட்டில் பரப்பி எண்ணுங்கள். வெள்ளியின் அளவை ஐசிபி-யில் (தனிமத்தின் அளவைச் சொல்லும் கருவி) கேட்கும்போது அம்மோனியாவில் கழுவிய துகளை மட்டும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக் கொடுங்கள். அம்மோனியாவில் கழுவாத கலவையில் உள்ள குளோரைடு நைட்ரிக்கில் கரையாது, அடியில் வெண்மையாக நிற்கும். அதை வடிகட்டிவிட்டுக் கொடுத்தால் வெள்ளி குறைவாகத்தான் வரும்.